பாரிஸ் போறீங்களா? நோத்ர தாமுக்குப் பின்னால் இருக்கும் இந்த நினைவிடம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது?

பாரிஸ் நகரின் நோத்ர தாம் தேவாலயம் 2019 தீ விபத்துக்குப் பிறகு சீரமைக்கப்பட்டு, 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. அன்றிலிருந்து அதன் வாசலில் எப்போதும் கூட்டம்தான். ஆனால் அதே தேவாலயத்தின் பின்பக்கம், தீவின் கடைசி முனையில் இருக்கும் ஒரு சின்னப் பூங்காவைப் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. பூங்காவுக்குள் உயரமான தூண் கிடையாது, சிலை கிடையாது. கீழே இறங்கும் குறுகலான படிகள் மட்டும்தான்.

அந்தப் படிகளுக்குக் கீழே இருப்பதுதான் 'நாடு கடத்தப்பட்ட தியாகிகள் நினைவிடம்'. இரண்டாம் உலகப் போரின்போது பிரான்சில் இருந்து நாஜி வதை முகாம்களுக்கு அனுப்பப்பட்டவர்களுக்காகக் கட்டப்பட்டது. அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். ஆனால் பார்த்து முடித்த பிறகு ஒரு கேள்வி மிச்சம் இருக்கும்: இவர்களை அனுப்பியது யார்?

அதற்கான பதில் எங்கே கிடைக்கும் என்பதையும் சேர்த்து இங்கே பார்க்கலாம்.

'நாடு கடத்தல்' என்றால் இங்கே என்ன அர்த்தம்?

நம்ம ஊர் செய்திகளில் நாடு கடத்தல் என்றால், விசா முடிந்தவரையோ குற்றவாளியையோ அவருடைய சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புவது. பிரான்சில் இந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. 1940 முதல் 1944 வரை ஜெர்மனியின் ஆக்கிரமிப்பில் இருந்தபோது, பிரான்சில் வாழ்ந்தவர்களைப் பிடித்து, ரயிலில் அடைத்து, வதை முகாம்களுக்கும் கொலைக் கூடங்களுக்கும் அனுப்பியதைத்தான் அங்கே அப்படிச் சொல்கிறார்கள்.

அனுப்பப்பட்டவர்களில் இரண்டு பெரிய பிரிவினர் இருந்தார்கள்.

முதல் பிரிவினர், ஜெர்மானியர்களை எதிர்த்துப் போராடியவர்கள், கம்யூனிஸ்டுகள், பிணைக்கைதிகளாகப் பிடிக்கப்பட்டவர்கள். இவர்களில் பலர் பாரிஸுக்கு வடக்கே உள்ள கோம்பியென் முகாமில் இருந்து புக்கன்வால்ட், மவுத்ஹவுசன், ராவன்ஸ்ப்ரூக் போன்ற வதை முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டனர்.

இரண்டாவது பிரிவினர் யூதர்கள். எதுவும் செய்ததற்காக இவர்கள் பிடிக்கப்படவில்லை. யூதர்களாகப் பிறந்ததே காரணம். கைக்குழந்தை முதல் முதியவர் வரை இதில் உண்டு. பெரும்பாலானோர் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டனர்.

எத்தனை பேர்?

நினைவிடம் கட்டப்பட்டபோது சொல்லப்பட்ட எண்ணிக்கை 2 லட்சம். பிறகு ஆய்வாளர்கள் ரயில் பட்டியல்களையும் முகாம் பதிவேடுகளையும் பெயர் பெயராகச் சரிபார்த்தார்கள். அதன்படி யூதர்கள் சுமார் 76,000 பேர். எதிர்ப்புப் போராளிகள் உள்ளிட்ட மற்றவர்கள் 86,000-க்கும் மேல்.

இரண்டு பிரிவினருக்கும் நடந்தது ஒன்றல்ல. போராளிகள் உள்ளிட்ட முதல் பிரிவில் பாதிக்கு மேற்பட்டோர் உயிரோடு திரும்பினார்கள். 76,000 யூதர்களில் திரும்பியவர்கள் சுமார் 2,500 பேர் மட்டுமே. அதாவது, 100 பேர் போனால் 3 பேர். அனுப்பப்பட்ட யூதர்களில் 11,000-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள்.

இந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொண்டு நினைவிடத்துக்குள் போவது முக்கியம். ஏன் என்பது கீழே புரியும்.

உள்ளே என்ன இருக்கு?

நினைவிடத்தை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் ஹென்றி பிங்குசோன். 1962 ஏப்ரல் 12 அன்று அப்போதைய அதிபர் சார்ல் து கோல் திறந்து வைத்தார். 19-ஆம் நூற்றாண்டில் தீவின் இந்தப் பகுதியில்தான் பாரிஸ் நகரின் பிணவறை இருந்தது.

படிகளில் இறங்கும்போதே நகரம் மறைந்துவிடும். இரண்டு பக்கமும் உயர்ந்த கான்கிரீட் சுவர். கீழே ஒரு திறந்த முற்றம். அங்கிருந்து பார்த்தால் நோத்ர தாம் தெரியாது, பாலங்கள் தெரியாது, தெருவும் தெரியாது. மேலே வானம். எதிரே கூர்மையான இரும்புக் கம்பிகள் கொண்ட ஒரு திறப்பு, அதற்கு அப்பால் சென் நதியின் தண்ணீர். அவ்வளவுதான் கண்ணுக்குக் கிடைக்கும். அடைபட்டவர்களின் பார்வையைப் பார்வையாளருக்கு ஒரு நிமிஷமாவது கொடுக்க வேண்டும் என்பதுதான் இந்த வடிவமைப்பு.

முற்றத்தில் இருந்து இரண்டு பெரிய கல் பாளங்களுக்கு இடையே உள்ள குறுகிய வழியாக நிலவறைக்குள் நுழைய வேண்டும். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும்.

உள்ளே அறுகோண வடிவ அறை. அதிலிருந்து நேரே நீளும் ஒரு ஒடுக்கமான பாதை. பாதையின் இரண்டு பக்கச் சுவர்களிலும் ஒளிரும் கண்ணாடிக் குச்சிகள் நெருக்கமாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. எண்ணிக்கை 2 லட்சம். ஒரு ஆளுக்கு ஒரு குச்சி. பாதைக்குள் யாரும் போக முடியாது. கம்பிகளுக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். கோடியில் ஒரு வெளிச்சம் தெரியும்.

அந்தப் பாதையின் தொடக்கத்தில் ஒரு கல்லறை இருக்கிறது. நாட்ஸ்வைலர் ஸ்ட்ருதோஃப் முகாமில் இறந்த, பெயர் தெரியாத ஒருவரின் உடல் இங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளது. இந்த முகாம் இன்றைய பிரான்சின் எல்லைக்குள், அல்சாஸ் பகுதியில் இருந்தது.

பக்கவாட்டில் முக்கோண வடிவ மாடங்கள் உண்டு. முகாம்களில் இருந்து கொண்டுவரப்பட்ட மண்ணும், எரியூட்டும் உலைகளில் இருந்து எடுத்த சாம்பலும் அவற்றில் வைக்கப்பட்டிருக்கின்றன. முகாம்களின் பெயர்கள் சுவரில் சிவப்பில் எழுதப்பட்டுள்ளன. ஏன் முக்கோணம்? முகாம்களில் கைதிகளின் உடையில் தைக்கப்பட்ட அடையாளம் முக்கோணத் துணி. யார் எதற்காகப் பிடிபட்டார் என்பதை அதன் நிறம் சொல்லும்.

சுவர்களில் பிரெஞ்சு எழுத்தாளர்களின் வரிகளும் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களில் ஒருவரான கவிஞர் ரோபர் தெஸ்னோஸ், தானே நாடு கடத்தப்பட்டவர். போர் முடிந்து ஒரு மாதம் கழித்து, 1945 ஜூனில், தெரசின் முகாமில் இறந்துபோனார். விடுதலை வந்தது, அவர் வீடு திரும்பவில்லை.

வெளியேறும் வாசலுக்கு மேல் ஒரு வாசகம் உண்டு. மன்னிக்கச் சொல்கிறது, ஆனால் மறக்கக் கூடாது என்கிறது.

இந்தச் சுவர் எதைச் சொல்லவில்லை?

வாசகம் மன்னிக்கச் சொல்கிறது. யாரை மன்னிப்பது? அதைப் பற்றி நினைவிடத்தின் கல்வெட்டுகள் பேசவில்லை.

2 லட்சம் குச்சிகளும் ஒரே மாதிரி. போராளி எது, குழந்தை எது என்று தெரியாது. பெயரும் இல்லை. நினைவிடத்தின் பெயரிலேயே 'தியாகிகள்' என்று இருக்கிறது. தியாகி என்றால் ஒரு கொள்கைக்காகத் தெரிந்தே உயிரைக் கொடுத்தவர். எதிர்ப்புப் போராளிகளுக்கு அந்த வார்த்தை பொருந்தும். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரயில் ஏறிய 4 வயதுக் குழந்தைக்கு? அந்தக் குழந்தை எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

இது பிங்குசோனின் கவனக்குறைவு அல்ல. 1962-இல் பிரான்ஸ் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதையே இதுதான். நாடு முழுவதும் எதிர்த்து நின்றது, எல்லோரும் ஒன்றாகத் துன்பப்பட்டோம், கொடுமை செய்தது ஜெர்மானியர்கள் என்ற கதை. அதில் பாதி உண்மை. மீதிப் பாதியில் பிரெஞ்சுக்காரர்கள் வருகிறார்கள்.

அப்போ, பிடித்துக் கொடுத்தது யார்?

1940-இல் தோற்ற பிறகு, மார்ஷல் பெத்தேன் தலைமையில் விஷி நகரில் ஒரு பிரெஞ்சு அரசு இயங்கியது. அது ஜெர்மனியோடு ஒத்துழைத்தது.

1940 இலையுதிர் காலத்தில் ஜெர்மானியர்கள் உத்தரவு போட, பாரிஸ் பகுதியில் வசித்த யூதர்களைப் பதிவு செய்யும் வேலையை பாரிஸ் காவல்துறைத் தலைமையகம் செய்தது. சுமார் 1,50,000 பேர் காவல் நிலையத்துக்குப் போய் வரிசையில் நின்று தங்கள் பெயரையும் முகவரியையும் கொடுத்தார்கள். சட்டத்தை மதித்து நடந்தால் ஒன்றும் ஆகாது என்று நம்பியவர்கள் பலர். ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை எழுதப்பட்டது.

1942 ஜூலை 16, 17 தேதிகளில் அந்த அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு பிரெஞ்சு போலீஸார் வீடு வீடாகப் போனார்கள். இரண்டு நாளில் சுமார் 13,000 பேர் பிடிக்கப்பட்டனர். அதில் 4,000-க்கும் மேல் குழந்தைகள். குடும்பமாக இருந்தவர்கள் ஈஃபிள் கோபுரத்துக்கு அருகே இருந்த 'வெல் திவ்' என்ற சைக்கிள் பந்தய உள்ளரங்கில் நாள் கணக்கில் அடைக்கப்பட்டனர். பிறகு முகாம்கள், பிறகு ரயில், பிறகு ஆஷ்விட்ஸ். 16 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளையும் அனுப்பலாம் என்று முன்வந்தவர் விஷி அரசின் தலைவர் பியேர் லவால்.

இதை எல்லாம் போருக்குப் பிறகு வெளிப்படையாகப் பேசுவது எளிதாக இருக்கவில்லை. இரண்டு உதாரணங்கள்.

1956-இல் இயக்குநர் அலன் ரெனே, வதை முகாம்கள் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தார். பிரான்சுக்குள் இருந்த ஒரு முகாமின் புகைப்படம் அதில் வரும். காவலுக்கு நிற்பவரின் தலையில் பிரெஞ்சு காவலர்களின் தொப்பி. தணிக்கைக் குழு ஆட்சேபித்தது. கடைசியில் அந்தத் தொப்பி தெரியாதபடி படத்தின் மேல் ஒரு உத்தரம் வரையப்பட்டது. பல ஆண்டுகள் கழித்துத்தான் அந்த மறைப்பு நீங்கியது.

இரண்டாவது உதாரணம் இன்னும் பக்கத்தில் இருக்கிறது. நினைவிடம் இருக்கும் அதே தீவில், நோத்ர தாமின் முன்பக்கம், பாரிஸ் காவல்துறைத் தலைமையகம் உள்ளது. 1962-இல் நினைவிடம் திறக்கப்பட்டபோது அந்த அலுவலகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் மோரிஸ் பப்போன். போர்க்காலத்தில் போர்தோ நகரில் மூத்த அதிகாரியாக இருந்தவர். அங்கிருந்து யூதர்களை அனுப்பிய உத்தரவுகளில் அவருடைய கையெழுத்து இருந்தது. இந்த விவரம் 1981-இல் ஒரு பத்திரிகையில் வெளியானது. 1998-இல், மனித குலத்துக்கு எதிரான குற்றத்துக்கு உடந்தையாக இருந்ததாக நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

அதாவது, நாடு கடத்தப்பட்டவர்களுக்கு நாடு அஞ்சலி செலுத்திய நாளில், நாடு கடத்தியவர்களில் ஒருவர் சில நிமிட நடைத் தூரத்தில் பதவியில் இருந்தார்.

பிரான்ஸ் எப்போது ஒப்புக்கொண்டது?

1995 ஜூலை 16 அன்று, வெல் திவ் கைதுகளின் நினைவு நாளில், அதிபர் ஜாக் ஷிராக் பேசினார். ஆக்கிரமிப்பாளரின் குற்றத்துக்கு பிரெஞ்சுக்காரர்களும் பிரெஞ்சு அரசும் துணை நின்றார்கள் என்று அதிபர் ஒருவர் அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டது அதுவே முதல் முறை. சம்பவம் நடந்து 53 ஆண்டுகள் ஆகியிருந்தன. வெல் திவ் அரங்கம் 1959-லேயே இடிக்கப்பட்டுவிட்டது.

இதற்குப் பின்னால் பலருடைய பல ஆண்டு உழைப்பு உண்டு. முக்கியமானவர் வழக்கறிஞர் செர்ஜ் க்ளார்ஸ்ஃபெல்ட். அவருடைய அப்பா ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டுத் திரும்பவில்லை. ரயில் பட்டியல்களைத் தேடி எடுத்து, நாடு கடத்தப்பட்ட யூதர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் 1978-இல் அவர் வெளியிட்டார். வெறும் எண்ணாக இருந்தவர்களுக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது.

மீதிக் கதை 10 நிமிட நடையில்

அதனால் நினைவிடத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீங்க. பக்கத்தில் இருக்கும் சிறிய பாலத்தைக் கடந்தால் செயின்ட் லூயி தீவு. அங்கிருந்து லூயி பிலிப் பாலத்தைக் கடந்தால் நதியின் வலது கரை. 10 நிமிஷத்தில் 'மெமோரியல் து லா ஷோவா' என்ற யூத இன அழிப்பு நினைவகத்துக்கு வந்துவிடலாம்.

வாசலைத் தாண்டியதும் 'பெயர்களின் சுவர்'. 2005-இல் திறக்கப்பட்டது. பிரான்சில் இருந்து அனுப்பப்பட்ட சுமார் 76,000 யூதர்களின் பெயர்களும் பிறந்த ஆண்டும் கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. 2020-இல் எழுத்துப் பிழைகளைத் திருத்தி, விடுபட்ட பெயர்களைச் சேர்த்து மறுபடியும் திறந்தார்கள். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து ஐந்தாறு முறை வரும். பிறந்த ஆண்டைக் கவனியுங்கள். 1938, 1940, 1941 என்று வரும்போது கணக்குப் போடாமலே வயது தெரிந்துவிடும்.

உள்ளே, காவல்துறை எழுதிய அட்டைகளில் மிஞ்சியவை பெட்டிகளில் வைக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பகுதி போருக்குப் பிறகு அழிக்கப்பட்டுவிட்டது. முதல் நினைவிடத்தில் மிஞ்சிய கேள்விக்கு அந்தப் பெட்டிகள் பதில் சொல்கின்றன. வெளியே தெருவோரச் சுவரில் இன்னொரு பட்டியல் உண்டு: தங்கள் உயிரைப் பணயம் வைத்து யூதர்களைக் காப்பாற்றியவர்களின் பெயர்கள். எல்லா பிரெஞ்சுக்காரர்களும் உடந்தை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறது இந்த இடம்.

தமிழர்கள் தினமும் போய்வரும் ரயில் பாதை

பாரிஸ் தமிழர்களுக்கு ஆர்.ஈ.ஆர் 'பி' ரயில் நல்லாவே தெரியும். லா சப்பல் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் உள்ள கார் து நோர் நிலையத்தில் இருந்து வடக்கே போனால் லா கூர்நெவ், லு பூர்ஜே, திரான்சி என்று நிலையங்கள் வரும். ஈழத்தில் இருந்து வந்த பல தமிழ்க் குடும்பங்கள் வாழும் புறநகர்ப் பகுதிகள் இவை.

நாடு கடத்தலின் மையமும் இதே பகுதிதான். 76,000 பேரில் சுமார் 63,000 பேர் திரான்சி முகாம் வழியாக அனுப்பப்பட்டவர்கள். 1943 கோடை வரை முகாமை நடத்தியது பிரெஞ்சு காவல்துறை. பிறகு ஜெர்மன் அதிகாரி அலாய்ஸ் ப்ரூன்னர் பொறுப்பேற்றார். ரயில்கள் முதலில் லு பூர்ஜே நிலையத்தில் இருந்தும், பிறகு பொபினி நிலையத்தில் இருந்தும் கிளம்பின.

முகாமாக இருந்த கட்டடம் இடிக்கப்படவில்லை. 'சித்தே து லா முயெத்' என்ற அந்த வளாகத்தில் இன்றும் குடும்பங்கள் வாடகைக்கு வசிக்கின்றன. முன்னால் ஒரு சிற்பமும், ஒரு சரக்கு ரயில் பெட்டியும் வைக்கப்பட்டுள்ளன. எதிரே 2012-இல் ஒரு நினைவகம் திறக்கப்பட்டது. பக்கத்தில் குடியிருப்பவர்கள் குழந்தைகளை ஒருமுறையாவது கூட்டிப்போய்க் காட்டலாம்.

இந்தியாவுக்கு ஒரு தொடர்பு

நிலவறைச் சுவரில் உள்ள முகாம் பெயர்களில் டாக்காவ் என்பதும் ஒன்று. 1944 செப்டம்பர் 13 அன்று அங்கே சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் ஒருவர் நூர் இனாயத் கான். மைசூர் திப்பு சுல்தானின் வம்சாவளியில் வந்த இந்திய சூஃபி இசைக் கலைஞர் இனாயத் கானின் மகள். பாரிஸ் அருகே வளர்ந்தவர். பிரிட்டிஷ் உளவு அமைப்பின் ரேடியோ இயக்குநராக, ஆக்கிரமிக்கப்பட்ட பாரிஸில் இருந்து ரகசியச் செய்திகளை அனுப்பினார். 1943-இல் பிடிபட்டு ஜெர்மனிக்குக் கொண்டுபோகப்பட்டார்.

போகும் முன் கவனிக்க வேண்டியவை

* எப்படிப் போவது: ஆர்.ஈ.ஆர் 'பி' அல்லது 'சி' ரயிலில் செயின்ட் மிஷல் நோத்ர தாம் நிலையம், அல்லது மெட்ரோ 4-இல் சித்தே நிலையம். நோத்ர தாமின் பின்பக்கம் நோக்கி நடந்தால் போதும்.

* கட்டணம்: இரண்டு நினைவிடங்களுக்கும் அனுமதி இலவசம்.

* விடுமுறை: தீவில் உள்ள நினைவிடம் பொதுவாகத் திங்கட்கிழமை மூடியிருக்கும். ஷோவா நினைவகம் சனிக்கிழமை மூடியிருக்கும். திறக்கும் நேரம் காலத்துக்கேற்ப மாறும். கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

* பாதுகாப்புச் சோதனை: ஷோவா நினைவக வாசலில் பைகளைச் சோதிப்பார்கள். பெரிய பெட்டிகளைத் தவிர்ப்பது நல்லது.

* படிகள்: தீவு நினைவிடத்தின் படிகள் குறுகல், செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்கள் அவசரப்படாமல் இறங்கவும். உதவி தேவைப்பட்டால் மேலே இருக்கும் ஊழியரிடம் கேளுங்கள்.

* நடத்தை: அடிப்படையில் இது ஒரு கல்லறை. சத்தமாகப் பேசுவது, செல்ஃபி, வீடியோ கால் வேண்டாம்.

* குழந்தைகள்: உள்ளே போகும் முன் இது என்ன இடம் என்று இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். இருட்டான, ஒடுக்கமான இடம் என்பதால் சின்னக் குழந்தைகள் பயப்படலாம்.

* நினைவு நாள்: ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறு, நாடு கடத்தப்பட்டோருக்கான தேசிய நினைவு நாள். 1954-இல் சட்டம் மூலம் அறிவிக்கப்பட்டது.

எந்த வரிசையில் பார்ப்பது?

முதலில் தீவில் உள்ள நினைவிடம், அடுத்து பெயர்களின் சுவர், இன்னொரு நாள் நேரம் கிடைத்தால் திரான்சி. முதல் இடம் எத்தனை பேர் போனார்கள் என்று காட்டும். இரண்டாவது, அவர்கள் யார், யார் அனுப்பினார்கள் என்று சொல்லும். மூன்றாவது, அது எங்கிருந்து நடந்தது என்பதைக் கண் முன்னால் நிறுத்தும்.

மறக்காதே என்கிறது தீவில் உள்ள சுவர். ஆனால் யார் செய்தார்கள் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க பிரான்சுக்கு 1995 வரை ஆனது. பார்க்கப் போகிறவருக்கு 10 நிமிட நடை போதும்.